கிளட்சை மிதித்த கால்

"தீ வச்சது நாந்தான். எத்தனை தரம் கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்" என்றான் ஏசுவடியான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பில், கறுப்புக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குளிர்காய்ச்சலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான் அந்த ஆறடி மனிதன். பர்மாச் சண்டையில் தபால் கொண்டு போகிற மோட்டார் சைக்கிள்காரனாக இருந்தவன். பட்டாளம் அவனுடைய இடது கையில் நான்கு விரல்களை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு இந்த மலேரியாவைக் கொடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தது.

கம்பிக்கு வெளியே பால்சாமி நின்றிருந்தான். உள்ளே இருப்பவன் அவனுடைய கூடப்பிறந்த அக்காள் புருஷன்.

"அத்தான், அன்னிக்குச் சாயங்காலம் நீங்க காய்ச்சல்ல சுருண்டு வீட்டுல கெடந்தீயன்னு அக்கா சொல்லுதா. நீங்க எப்படி இங்க வந்து கொட்டகையைக் கொளுத்துவீய?"

"உங்க அக்கா பொய் சொல்லுதா. புருசனைக் காப்பாத்தப் பாக்குதா. போ பால்சாமி. அவளையும் புள்ளைகளையும் பாத்துக்கோ." ஏசுவடியான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பால்சாமி பக்கத்தில் நின்றவரைப் பார்த்தான். துப்பறியும் வேதசிரோமணி வாயில் ஒரு சுக்குத் துண்டை ஒதுக்கிக்கொண்டு, வீடு பார்க்க வந்தவரைப்போல லாக்கப்பின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் காணாமற்போன மூட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற இலாகாவில் பாதி ஆயுளைக் கழித்தவர். மூட்டைகள் அலுத்துப்போய், இப்போது மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தார். பால்சாமி நாடகக் கம்பெனியில் பபூன் வேஷம் கட்டியவன். யுத்தத்தில் கம்பெனி படுத்துவிட, அவருக்கு உதவியாளாக வந்து சேர்ந்தான். வேஷத்தைக் கலைத்தானே தவிர வாயைக் கலைக்கவில்லை.

வழக்கு இதுதான். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இரண்டு டூரிங் கொட்டகைகள். இரண்டுக்கும் முதலாளி ஒருவர், ஓடுகிற படமும் ஒன்று. ராஜபாளையத்தில் ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் இங்கே கொண்டு வந்து சேர்ப்பது ஏசுவடியானின் வேலை. சனிக்கிழமை முதலாட்டத்தின்போது, இங்குள்ள கொட்டகையின் ஆபரேட்டர் அறை திடீரென்று பற்றி எரிந்தது. சினிமா பிலிம் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். ஆபரேட்டர் சமுத்திரம் உள்ளேயே கருகிப்போனான். கொட்டகை மானேஜர் ஆவுடையப்பன், ஏசுவடியான் எரிகிற துணியை அறைக்குள் எறிந்துவிட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். பிடித்துக் கேட்டால் ஏசுவடியானும் ஆமாம் என்றுவிட்டான்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு மாஜிஸ்திரேட் ஐயா கோர்ட்டுக்கு வருவாரு" என்றார் சப் இன்ஸ்பெக்டர் இருதயம். "இவன் அவரு முன்னால இதையே சொல்லி, அவரு எழுதிக்கிட்டாருன்னா என் ஜோலி முடிஞ்சுது. தூக்கா, ஆயுளாங்கிறதைப் பெரிய கோர்ட்டு பாத்துக்கும்."

"பேருல மட்டும் இருதயத்தை வச்சா போதுமா, கொஞ்சம் உள்ளயும்..." என்று பால்சாமி முணுமுணுத்தான். வேதசிரோமணி அவன் காலை மிதித்தார்.

"வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் முற்றத்து வேப்பமரத்தடியில், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஏலத்தில் வந்த பட்டாளத்து வண்டி.

"இவன் வீட்டு வாசல்ல இருந்து அன்னிக்கே மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டாந்தோம்" என்றார் சப் இன்ஸ்பெக்டர். "எங்க ரைட்டர் மோட்டார் சைக்கிள் விடத் தெரிஞ்சவரு. கிட்ட வந்து பாத்துட்டு, இதுல கிளட்சு எங்க, கியர் எங்கன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. யாரும் ஏறக்கூட இல்லை. இந்த வண்டியை ஓட்ட இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே ஒரு ஆள்தான். எனக்கு அதைவிட வேற சாட்சி வேணுமா?"

வேதசிரோமணி தார்ப்பாயை விலக்கினார். மற்ற வண்டிகளில் இடது கைப்பிடியில் கிளட்ச் லீவர் இருக்கும். கியரைக் காலால் தட்ட வேண்டும். இதில் எல்லாம் தலைகீழ். இடது கைப்பிடி மொட்டையாக இருந்தது. கிளட்ச் வயரைக் கீழே இறக்கி, இடது காலுக்கு ஒரு மிதி வைத்திருந்தார்கள். பெட்ரோல் டாங்கியின் வலப்பக்கம் ஒரு வளைந்த இரும்புக் கம்பி; அதன் தலையில் மரக்குமிழ். அதுதான் கியர். விரலில்லாத இடது கைக்கு வேலையே வைக்காத வண்டி.

"ஏறி உக்காரு பால்சாமி."

"ஓடிராதே?"

"உக்காருலே."

பால்சாமி உட்கார்ந்து இடது காலை மிதியில் வைத்தான். முழங்கால் நேராகப் போய் கைப்பிடியில் 'ணங்'கென்று இடித்தது. "அம்மாடி! அண்ணாச்சி, இந்த வண்டியை ஓட்டணும்னா முழங்காலைக் கழத்திப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஏறணும்."

வேதசிரோமணி சிரிக்கவில்லை. குனிந்து, மிதியின் அடியைத் தடவிப் பார்த்தார். "மிதியை மாட்டுறதுக்கு ரெண்டு துளை இருக்கு. ஒண்ணு தள்ளி, ஒண்ணு கிட்டத்துல. ஆணி கிட்டத்துத் துளையில இருக்கு. சப் இன்ஸ்பெக்டர் ஐயா, எங்க பால்சாமி இவன் அத்தானைவிட நாலு விரக்கடை கட்டை. இவன் முட்டியே இடிக்குதுன்னா, அந்த ஆறடி ஆளு முட்டியை எங்க கொண்டு போய் வைப்பாரு?"

"அதுக்கு?"

"கடைசியா இதை ஓட்டுனது ஒரு குட்டையான ஆள்."

சப் இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "ஒத்துக்கிட்ட ஆள் உள்ள இருக்கான். நான் மாஜிஸ்திரேட்டு முன்னால அவனை நிறுத்தட்டுமா, உங்க ஆளு முட்டியை நிறுத்தட்டுமா? அந்தக் குட்டையான ஆளைக் கூட்டிட்டு வாங்க. பாக்கலாம்."

பால்சாமியின் நெஞ்சில் நேற்றிலிருந்து கிடந்த பாறை சற்றே அசைந்தது. வேறு ஒருவன் ஓட்டியிருக்கிறான்! அவனைப் பிடித்துவிட்டால் அத்தான் தப்பிவிடுவார். ஆனால் கம்பிக்கு உள்ளே இருந்தவன் இந்தப் பேச்சு அத்தனையும் கேட்டும் சந்தோஷப்படவில்லை. "அண்ணாச்சி, அந்த ஆணியைக் கிண்டாதீய! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று அலறினான்.

ராஜபாளையம் போகிற பஸ் கரியில் ஓடுகிற பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் கட்டியிருந்த அடுப்பில் கரியைப் போட்டுக் கிளறிக் கிளறி அதைக் கிளப்புவதற்குள் பால்சாமி வெந்துபோனான். "டிரைவரண்ணே, பஸ் ஓடாட்டியும் பரவாயில்லை, அடுப்புல ரெண்டு தோசையாவது சுட்டுக் குடுங்க" என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

மில்லுக்குப் பின்பக்கத்துச் சந்தில் குருசாமியின் பட்டறை. மனிதர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். வாயில் வெற்றிலையும் தற்பெருமையும் எப்போதும் நிறைந்திருக்கும்.

"ரண்டி, ரண்டி! வாங்க! அந்த வண்டியா? அது மெட்ராஸ்ல செஞ்சதைவிட ஒசத்தியான வேலையாக்கும். ஏசுவடியான் வந்து, அண்ணே எனக்கு இடது கை இல்லை, வண்டி வேணும்னாரு. நான் யோசிச்சேன். கியருக்குக் கையைக் குடுத்தேன், கிளட்சுக்குக் காலைக் குடுத்தேன். முடிஞ்சுது! அந்த மிதி, ஓட்டை பஸ்ஸோட பிரேக் மிதி. கியர்க் கம்பி மேல இருக்கிற குமிழு, மில்லுல நூல் சுத்துற கட்டையைக் கடைஞ்சது. ஒரு மயிரிழை தப்பு சொல்லுங்க பாப்போம்! இந்தக் கை தொட்ட வேலையில தப்புங்கிற பேச்சே கெடையாது."

"சபாஷ்" என்றார் வேதசிரோமணி. "மிதிக்கு எதுக்கு ரெண்டு துளை?"

குருசாமியின் வாய் பாதியில் நின்றது. வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். "அது வந்து... அளவு தப்பிப் போச்சு. பொறவு சரியா இன்னொண்ணு போட்டேன்."

"ஓகோ" என்றார் வேதசிரோமணி. "பால்சாமி, தொண்டை வறளுது. நான் அந்தச் சோடாக் கடை வரைக்கும் போயிட்டு வாரேன். நீ செத்த நேரம் பேசிக்கிட்டிரு."

அவர் தலை மறைந்ததும் குருசாமி பால்சாமியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பெருமையெல்லாம் வடிந்து, முகம் வாழைச் சருகாகியிருந்தது. "ஏன்யா, உனக்கு அறிவிருக்கா? இந்த ஆளைக் கூட்டிக்கிட்டு எங்கிட்ட ஏன் வந்தே? அந்தத் துளை யாருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

"யாருக்கு?"

"உங்க அக்காவுக்கு."

பால்சாமிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. குருசாமி கிசுகிசுத்தார். ஏசுவடியானுக்குக் காய்ச்சல் வருகிற நாட்களில் ரீல் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை போய்விடும். விரலில்லாத பட்டாளத்தானுக்கு இன்னொரு வேலை எந்த ஊரில் இருக்கிறது? அதனால் அவனே பெண்டாட்டி ஏசம்மாளுக்கு வண்டி பழக்கிவிட்டான். செண்பகத்தோப்புப் பாதையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வைத்துப் பழக்கினான். அவள் குள்ளம். கால் எட்டவில்லை. அதற்காகப் போட்டதுதான் அந்தக் கிட்டத்துத் துளை.

"பட்டாளத்துக் கோட்டு, தொப்பி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிட்டுப் போச்சுன்னா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். வெளிய சொல்லிராத."

பட்டறையைவிட்டு வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. அத்தானைக் காப்பாற்ற ஒரு குட்டையான ஆள் வேண்டும். அந்த ஆள் அக்காள். தானே போய்ச் சப் இன்ஸ்பெக்டரிடம் நீட்டிவிட்டு வந்த தடயம் அவள் கழுத்துக்குக் கயிறாகத் திரும்பி நிற்கிறது. அத்தான் ஏன் ஆமாம் ஆமாம் என்கிறார் என்பது இப்போது புரிந்தது. ஒருவரை இழுத்தால் இன்னொருவர் உள்ளே போவார்.

சொல்லக்கூடாது என்று பால்சாமி முடிவு செய்தான். வேதசிரோமணி சோடாக் கடையிலிருந்து வந்தார். இருவரும் அக்காள் வீடு இருந்த சர்ச் தெருவை நோக்கி நடந்தார்கள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லை, அண்ணாச்சி. அளவு தப்பிப் போச்சாம்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். தெருவில் ஒரு ராஜபாளையத்து நாய் வேதசிரோமணியின் குடையைப் பார்த்துக் குரைத்தது. ஒரு கழுதை எதிரே வந்தது. கழுதையின்மேல் அமர்ந்திருந்தவர் தலையில் நரிக்கொம்பு வைத்த மாதிரி ஒரு தலைப்பாகை கட்டியிருந்தார். பால்சாமி தலையைக் குனிந்தபடி நடந்தான்.

வேதசிரோமணி நின்றார். "தன் வேலையில தப்பே கிடையாதுன்னு நெஞ்சைத் தட்டுன ஆளு, ஒரு துளைக்கு மட்டும் தப்புங்கிறான். அது ஒரு தடயம். நாய் போச்சு, கழுதை போச்சு, அந்தத் தலைப்பாகையும் போச்சு. நீ ஒரு வார்த்தை கேலி பண்ணலை. அது இன்னொரு தடயம். உங்க அக்கா எம்புட்டு உசரம், பால்சாமி?"

பால்சாமி பபூன் வேஷக்காரன். ஆயிரம் பேர் கூட்டத்தில் அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்தவன். இப்போது சிரிக்கப் பார்த்தான். முகம் கோணிக்கொண்டது. "அண்ணாச்சி, வேண்டாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்குதேன். இந்தக் கேஸை விட்டுருங்க."

"விட்டா உன் அத்தான் போவாரு."

"விடாட்டி எங்க அக்கா போவா!"

"ரெண்டு பேரும் போகாம இருக்க வழி இருக்கான்னு பாக்கத்தானேலே நான் இருக்கேன்" என்றார் வேதசிரோமணி. அவர் குரலில் அவ்வளவு உறுதி இல்லை என்பது பால்சாமிக்குத் தெரிந்தது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

ஏசம்மாள் புருஷனுக்குக் கஞ்சி கொண்டுபோகத் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இருவர் முகத்தையும் பார்த்ததுமே சட்டி கையிலிருந்து நழுவியது.

"தெரிஞ்சு போச்சா?" என்றாள்.

"உக்காரு தாயி. அன்னிக்கு என்ன பாத்தே?" என்றார் வேதசிரோமணி.

அவள் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "அவியளுக்கு மத்தியானமே காய்ச்சல் கண்டுருச்சு. நான் கோட்டை மாட்டிக்கிட்டு ரீல் பெட்டியைக் கொண்டு போனேன். கொட்டகைக்குப் பின்னால ஆபரேட்டர் ரூம் கதவு. மானேஜர் உள்ள குனிஞ்சு அறுந்துபோன பிலிமை ஒட்டிக்கிட்டிருந்தாரு. வாயில சுருட்டு. சுத்தி அம்புட்டும் பிலிமு! எனக்கு உயிரே போச்சு. வாயைத் திறந்தா பொம்பளைக் குரல் தெரிஞ்சுருமே. அதனால கையாலேயே காட்டினேன்." அவள் இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்து, கையைக் கீழே இறக்கி, காற்றில் எதையோ நசுக்கிக் காட்டினாள். "சரி சரி போன்னாரு. பெட்டியை இறக்கி வச்சுட்டுக் கிளம்பிட்டேன். குளத்தங்கரை தாண்டலை, பின்னால வானமே செவந்து போச்சு. வண்டியைத் திருப்பிக்கிட்டு ஓடியாந்தேன். என்னைப் பாத்ததும் மானேஜர், அந்தா நிக்கான் தீ வச்சவன்னு கத்துனாரு. எல்லாரும் கம்பைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. ஓடிட்டேன்."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"அவிய விடலை. நீ சொன்னா யாரு நம்புவா, ஆம்பளை வேஷம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சவள்னு உன்னைத்தான் தூக்குல போடுவாங்க, புள்ளைகளுக்குத் தாய் வேணும், நான் காய்ச்சல்லயே சாகப் போறவன்தானேன்னு சொன்னாங்க. போலீஸ் வரவும் தானே முந்திக்கிட்டாங்க." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பினாள். "நான் கத்தியிருக்கணும் அண்ணாச்சி. சுருட்டை அணைன்னு வாயால கத்தியிருக்கணும். சமுத்திரம் அண்ணன் ரீல் வர்ற வரைக்கும் உள்ள ஓரமாப் படுத்திருந்தாரு."

வேதசிரோமணி வாசல்வரை போனார். வாயிலிருந்த சுக்கை எடுத்து வெளியே எறிந்தார். "நீ சுருட்டைப் பாத்தது ஆவுடையப்பனுக்குத் தெரியும். ஆனா பாத்தது நீன்னு தெரியாது. பாத்தவன் ஏசுவடியான்னு நினைக்கான். அவனே குத்தத்தை ஏத்துக்கிட்டதும் ஆளு நிம்மதியா இருப்பான். அந்த நிம்மதியிலதான் கையை வைக்கணும். கோட்டும் கண்ணாடியும் எங்க வச்சிருக்கே?"

திரும்பி வர ஏறியது ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகக் கிருஷ்ணன்கோவில் போகிற இன்னொரு கரி பஸ். பாதி வழியில் அது பெருமூச்சுவிட்டு நின்றது. டிரைவர் அடுப்பைத் திறந்து, கரி ஈரம் என்றார். உச்சி தாண்டிய வெயில். பால்சாமி கெஞ்சினான். பிறகு வைதான். பிறகு இறங்கி ஒற்றை ஆளாகப் பஸ்ஸைத் தள்ளினான். அது அசையவில்லை. பருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த மில் லாரியின் முன்னால் கைகளை விரித்துக்கொண்டு விழுந்தான். லாரிக்காரன் வைதுகொண்டே மூவரையும் மூட்டைகளின்மேல் ஏற்றிக்கொண்டான். அக்காள் மடியில் துணிப்பொட்டலம். கோட்டு, கால்சட்டை, கையுறை, தொப்பி, கண்ணாடி. அவள் ஜெபம் செய்கிறாளா, பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருக்கிறாளா என்று பால்சாமிக்குத் தெரியவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஸ்டேஷனில் ஏசுவடியானுக்கு விலங்கு எடுத்து வைத்திருந்தார்கள். மாஜிஸ்திரேட் வந்தாயிற்று. சாட்சி சொல்ல ஆவுடையப்பன் வந்து பெஞ்சியில் அமர்ந்திருந்தார். சரிகை அங்கவஸ்திரம், பளபளக்கும் தலை. கைகளை மட்டும் மடியில் இறுகக் கோத்திருந்தார்.

வேதசிரோமணி ஏசம்மாளைப் பக்கத்துச் சந்தில் நிறுத்திவிட்டு, பால்சாமியிடம் சொல்லியிருந்தார்: "உள்ள நான் மானேஜரைப் பேச வைக்கேன். நான் தலையை அசைச்சதும் நீ ஜன்னல் பக்கம் போய்த் துண்டை ஆட்டு. அவ வந்து வண்டியை எடுக்கட்டும்." சப் இன்ஸ்பெக்டரிடம், வண்டியை ஓட்டிக் காட்ட ஓர் ஆள் வருவான் என்று மட்டும் சொன்னார். குட்டையான ஆளா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றார் வேதசிரோமணி.

பிறகு ஆவுடையப்பன் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மானேஜர்வாள், நீங்க இல்லைன்னா இந்தக் கேஸே இல்லை. எங்க பால்சாமி நாடகக்காரன். நீங்க அன்னிக்குப் பாத்ததை ஒரு தரம் நடிச்சே காட்டிட்டா, நானும் தெரிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். இந்தப் பெஞ்சிதான் மோட்டார் சைக்கிள்."

"அதுக்கென்ன? நானும் மோட்டார் சைக்கிள் விட்டவன்தான்" என்று ஆவுடையப்பன் பெஞ்சியில் கால்களைப் பரப்பி உட்கார்ந்தார். "இஞ்சினை ஓட விட்டுக்கிட்டே இருந்தான். இந்தா, இடது கையால கிளட்சை இறுக்கிப் பிடிச்சிருக்கான். வலது கையில எரியிற துணி. சுத்தி உள்ள எறிஞ்சான். எறிஞ்சதும் காலால டக்குன்னு கியரைத் தட்டினான், கிளட்சை விட்டான், பறந்துட்டான்."

"எவ்வளவு கிட்டத்துல இருந்து பாத்தீங்க?"

"இந்தா, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரம். லாந்தர் வெளிச்சத்துல பட்டப்பகலாத் தெரிஞ்சுது."

வேதசிரோமணி லாக்கப்பைப் பார்த்தார். "ஏசுவடியான், அந்த இடது கையைக் கம்பளிக்கு வெளிய எடு."

கை வெளியே வந்தது. ஒரே ஒரு கட்டைவிரல். மற்றதெல்லாம் மொழுமொழுவென்று தழும்பு. ஆவுடையப்பன் அந்தக் கையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். இதுவரை ராத்திரியில், கையுறைக்குள்ளே பார்த்த கை.

"அந்த வண்டியில கையால பிடிக்கிற கிளட்சே கிடையாது, மானேஜர்வாள். காலால தட்டுற கியரும் கிடையாது. நீங்க பாத்தது எந்த வண்டியை?"

ஆவுடையப்பனுக்கு நெற்றியில் வேர்வை முத்துக்கட்டியது. ஆனால் ஆள் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "இருட்டு... பதட்டம். கையோ காலோ! அதையெல்லாமா கவனிப்பான் மனுசன்? எறிஞ்சதைப் பாத்தேன். அவனே ஒத்துக்கிட்டானே!"

"ஆமாய்யா, நாந்தான் வச்சேன்!" என்று உள்ளேயிருந்து ஏசுவடியான் கத்தினான்.

சப் இன்ஸ்பெக்டர் தயங்கினார். "வேதசிரோமணி, ஆளு உளறுறாருங்கிறது நெசந்தான். ஆனா சாட்சி கொஞ்சம் மாத்திச் சொன்னதை வச்சு ஒத்துக்கிட்டவனை நான் விட முடியாதே." கோர்ட் சேவகன் வாசலில் வந்து நின்றான். விலங்கைக் கையில் எடுத்தார்கள்.

வேதசிரோமணி பால்சாமியைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

பால்சாமி ஜன்னலருகே போனான். தோளிலிருந்து துண்டை எடுத்தான். சந்து முனையில் காக்கிக் கோட்டு தெரிந்தது. அதற்குள் தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள். இந்தத் துண்டு அசைந்தால் அவள் சிங்கத்தின் வாய்க்குள் நடந்து வருவாள். ஆவுடையப்பன் சமாளித்துவிட்டால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். துண்டு கையில் இருந்தது. கை மேலே வரவில்லை. வேதசிரோமணி மறுபடி தலையை அசைத்தார். வரவில்லை. லாக்கப் கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.

அப்போது முற்றத்தில் மோட்டார் சைக்கிள் உறுமியது.

எல்லோரும் திரும்பினார்கள். தார்ப்பாய் கீழே கிடந்தது. காக்கிக் கோட்டு, தொப்பி, கண்ணாடி, கையுறை. அந்த உருவம் டாங்கியின் பக்கத்துக் கம்பியை வலது கையால் முன்னே தள்ளி, இடது காலை மெல்ல எடுத்தது. வண்டி வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது.

ஆவுடையப்பன் ஜன்னலைப் பார்த்தார். லாக்கப்பைப் பார்த்தார். ஏசுவடியான் உள்ளே இருக்கிறான். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். வண்டியிலிருந்த உருவம் வலது கையைத் தூக்கியது. இரண்டு விரலை உதட்டில் வைத்து எடுத்து, கீழே இறக்கி, காற்றில் நசுக்கியது.

"அணைச்சிட்டேனே!" என்று அலறினார் ஆவுடையப்பன். "நீ போனதுமே சுருட்டை அணைச்சிட்டேன்! அணைஞ்சிருச்சுன்னுதான் நினைச்சேன்!"

சொன்னது என்ன என்று சொன்னவருக்கே அப்போதுதான் உறைத்தது. பெஞ்சியில் சரிந்து உட்கார்ந்தார். பளபளத்த தலை முழங்காலில் கவிழ்ந்தது.

"கீழ பிலிம் துண்டு கெடந்தது. பொறி விழுந்து பிடிச்சுக்கிச்சு. நான் வெளிய ஓடி... கதவைச் சாத்தினா கொட்டகைக்குப் பரவாதேன்னு சாத்திட்டேன். உள்ள அவன் படுத்திருந்தது ஞாபகம் வரலை, சாமி. அவன் கதவைத் தட்டுன பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. அப்பத் திறக்க முடியலை..."

யாரும் அவரைத் தொடவில்லை. சப் இன்ஸ்பெக்டர் இருதயம் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏட்டி, போயிரு! ஓடிப் போயிரு!" என்று ஏசுவடியான் கம்பியைப் பிடித்து உலுக்கினான். பாவம், அவனுக்கு நடந்தது இன்னும் புரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏசம்மாள் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினாள். கொண்டை அவிழ்ந்து கோட்டின்மேல் விழுந்தது. சப் இன்ஸ்பெக்டர் திறந்த வாயை மூடாமலே வேதசிரோமணியைப் பார்த்தார்.

"குட்டையான ஆள் கேட்டீங்களே" என்றார் வேதசிரோமணி.

வாக்குமூலங்கள் எல்லாம் முடிந்து, விலங்கு ஆவுடையப்பனின் கைக்குப் போய், ஏசுவடியானை வெளியே விட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவனுக்கு நிற்க முடியவில்லை. பால்சாமியும் அக்காளும் இரண்டு பக்கமும் தாங்கி முற்றத்துக்குக் கொண்டு வந்தார்கள். வெளியே ஊரே கூடி, காக்கிக் கோட்டுப் போட்ட பொம்பளையைப் பார்க்க எம்பிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு வண்டியிலயே போயிருவோம்" என்றாள் ஏசம்மாள்.

ஏசுவடியான் பழக்கத்தில் முன்சீட்டைப் பிடித்தான். "நீங்க பின்னால உக்காருங்க" என்றாள் அவள்.

"இம்புட்டு சனம் பாக்குது, ஏசம்மா."

"பாக்கட்டும்."

அவன் பின்னால் ஏறி, விரலில்லாத கையை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அவள் முதுகில் நெற்றியைச் சாய்த்தான். பால்சாமி கம்பளியை இழுத்து அவனைச் சுற்றிச் செருகினான். கேலியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான், கண்ணீர்தான் வந்தது.

"ஏலே, நீ ஏன் துண்டை ஆட்டலை?" என்று ஏசம்மாள் கேட்டாள்.

"கை வரலை, அக்கா."

"தெரியும். உனக்கு வராதுன்னு தெரிஞ்சுதான் நானே வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் கிளட்சை மிதித்தாள்.